மாதிரி நோயாளி

அந்த வியாழக்கிழமை காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கன்னியம்மாள் ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டாள். கெட்ட வார்த்தை இல்லை. நீங்களும் நானும் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்லுகிற வார்த்தைதான். அதைச் சொன்னதால் அவள் புருஷன் சகாதேவன் சாகக் கிடந்தான். சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். இடுப்பில் ஒரு ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

சகாதேவன் போர் வண்டியில் வேலை செய்கிறவன். சத்தீஸ்கரில் காட்டோரமாக எட்டு மாதம் ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டு, இருபது நாளுக்கு முன்னால்தான் அடி அண்ணாமலைக்குத் திரும்பியிருந்தான். கிரிவலப் பாதையை ஒட்டி வீடு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாசலிலேயே அண்டா வைத்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வேகவைத்து விற்பாள் கன்னியம்மாள். இந்தச் சித்திரைப் பௌர்ணமிக்குப் புருஷனும் கூட இருக்கிறான், இரண்டு அண்டாவாகப் போடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். பௌர்ணமிக்கு நான்கு நாள் இருக்கும்போது அவனுக்குக் குளிர ஆரம்பித்தது. அந்த வெயிலில் மூன்று கம்பளி போர்த்தியும் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. பிறகு உடம்பு அனலாகக் கொதித்தது. பிறகு வேர்த்து ஊற்றி ஓய்ந்தது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் மறுபடியும் குளிர் வந்துவிட்டது.

மருந்துக்கடைக்காரர் விவரம் கேட்டுவிட்டு மாத்திரை கொடுக்க மறுத்துவிட்டார்.

"இது மலேரியா மாதிரி தெரியுதும்மா. போன வருஷம் போர் வண்டிக்குப் போய்ட்டு வந்த ஒருத்தரு, வெறும் காய்ச்சல்தானேன்னு அசால்டா விட்டுட்டாரு. ஆறாவது நாளு போய்ட்டாரு. நீ பூவரசந்தாங்கல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. மருந்தும் அங்கதான் இருக்குது."

கன்னியம்மாள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். அன்று ஐந்தாவது நாள்.

பூவரசந்தாங்கல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அப்போது வேறொரு கவலை. பத்து நாளுக்கு முன்னால் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. "மலேரியா சிகிச்சை வழிகாட்டு நெறிமுறைகளைத் தங்கள் நிலையப் பணியாளர்கள் பின்பற்றுகிறார்களா என்பதை அவர்கள் அறியாவண்ணம் கண்டறியும் பொருட்டு, அடுத்த வார வியாழனன்று மாதிரி நோயாளி ஒருவர் அனுப்பி வைக்கப்படுவார். இது மிகவும் இரகசியமானது. மேற்படி நபர் மாதிரி நோயாளி என்பது தங்களுக்குத் தெரியும் என்று அவரிடம் எக்காரணம் கொண்டும் காட்டிக்கொள்ளலாகாது. இக்கடிதம் கிடைத்தமைக்கு உடன் ஒப்புதல் அனுப்பவும்."

உடன் ஒப்புதல் அனுப்பினார்கள்.

மாதிரி நோயாளி என்றால் நோய் இல்லாத ஆள். நோயாளியைப் போல நடித்து, ஊழியர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து, திரும்பிப் போய் மதிப்பெண் போடுகிறவர். அவரை வரவேற்க முழு நிலையமும் தயாரானது. பீரோவுக்குப் பின்னால் சுருட்டிக் கிடந்த நெறிமுறை விளக்கப்படத்தை எடுத்துத் தூசி தட்டிச் சுவரில் மாட்டினார்கள். மொத்தம் பதினெட்டுப் படி. பதினெட்டுப் படி என்று கேட்டதும் மருந்தாளுநர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தினமும் காலை ஒன்பது மணிக்குப் பணியாளர் அத்தனை பேரும் படத்தின் முன்னால் வரிசையாக நின்று பதினெட்டையும் ஒப்பித்தார்கள். அந்த நேரத்தில் வந்த காய்ச்சல்காரர்களை, ஒப்பிக்கிற இடத்தில் சத்தம் போடாதீர்கள் என்று வெளியே உட்கார வைத்தார்கள்.

ஒத்திகையை நடத்தியவர் சுகாதார ஆய்வாளர் சக்திவேல். இருபத்தாறு வருஷ சர்வீஸ், ஒரு மெமோ வாங்கியதில்லை. கடைசி நாள் ஒத்திகையில் அவர் ஓர் உரை நிகழ்த்தினார்.

"நோயாளி பொழைக்கிறதும் பொழைக்காததும் அவங்கவங்க தலையெழுத்து. அதுக்கு நம்மள யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. ஆனா ஒரு படி விட்டுப்போச்சுன்னு வைங்க, மெமோ வரும். அதனால உயிரைக் குடுத்தாவது நெறிமுறையைக் காப்பாத்தணும்."

யாருடைய உயிரை என்று அவர் சொல்லவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

வந்திருப்பவர் மாதிரி நோயாளிதான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஆய்வகத்தில் வேலை பார்க்கும் சினேகா கேட்டாள். வாயைத் திறந்தால் தெரிந்துவிடும் என்றார் சக்திவேல்.

வியாழக்கிழமை காலை முதல் ஆளாக வந்து வாயைத் திறந்தது கன்னியம்மாள். அவள் தோளில் சாய்ந்தபடி சகாதேவன் நடுங்கிக்கொண்டு நின்றான்.

"என்ன செய்யுதும்மா?" என்று கேட்டார் டாக்டர் தேவிப்ரியா. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆன சின்ன வயது டாக்டர்.

"காய்ச்சல் மாதிரி இருக்குது மேடம்."

டாக்டரின் பேனா நின்றது. வாசலில் நின்ற சக்திவேல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்ன மாதிரி?"

"மலேரியா மாதிரி சார்."

"மாதிரி?"

"ஆமாங்க சார், மாதிரிதான். மருந்துக்கடைல அப்படித்தான் சொல்லி அனுப்புனாங்க."

சக்திவேல் டாக்டரைப் பார்த்துப் புன்னகை செய்தார். டாக்டர் மருந்தாளுநரைப் பார்த்துப் புன்னகை செய்தார். சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், அதுவும் கடிதத்தில் உள்ள அதே வார்த்தையை! மேலிடத்துக்கு நம்மேல் எவ்வளவு பிரியம் என்று சக்திவேலுக்குக் கண் கலங்கியது. கன்னியம்மாளுக்கு அந்தப் புன்னகையைப் பார்த்ததும் உயிரே போய்விட்டது. அரசாங்க ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்து யாரும் சிரித்ததே கிடையாது. இப்படி ஒருவர் பாக்கி இல்லாமல் சிரிக்கிறார்கள் என்றால் ஆள் தேறமாட்டான் என்றுதானே அர்த்தம்.

மற்ற நோயாளிகளை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். சகாதேவனை டாக்டருடைய மெத்தை நாற்காலியிலேயே உட்கார வைத்தார்கள். முதல் படி, புன்னகையுடன் வரவேற்றல். அது முடிந்துவிட்டது. இரண்டாம் படி, கை கழுவுதல். குழாயில் தண்ணீர் வரவில்லை. ஆனாலும் டாக்டர் குழாயைத் திறந்து, வராத தண்ணீரில் இரண்டு கையையும் தேய்த்துக் கழுவி, விரலிடுக்கெல்லாம் கழுவி, உதறி, துண்டில் துடைத்துக்கொண்டார். "படி இரண்டு முடிந்தது" என்று சக்திவேல் உரக்கச் சொல்லி டிக் போட்டார்.

"படி அஞ்சு. கடந்த ரெண்டு மாசத்துல வெளிமாநிலம் ஏதாவது போயிருந்தீங்களா?" என்று கேட்டார் சக்திவேல்.

"சத்தீஸ்கர் சார்… காட்டுப் பக்கம்…" என்றான் சகாதேவன். பேச முடியாமல் தாடை ஆடியது.

"அடடா! காடு வரைக்கும் மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்காரு" என்று மருந்தாளுநர் டாக்டரின் காதில் கிசுகிசுத்தார்.

ஏழாம் படியில் காய்ச்சல் பார்த்தார்கள். நூற்று நான்கு. இது எப்படி என்று ஒரு கணம் எல்லோரும் குழம்பிப்போனார்கள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட அக்குளில் வெங்காயம் வைத்துக்கொண்ட அனுபவம் சக்திவேலுக்கு உண்டு. அவர் மிக மரியாதையாகச் சகாதேவனின் கையைத் தூக்கி வலது அக்குளைப் பார்த்தார். பிறகு இடது அக்குளைப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல" என்றார், மதிப்பு கூடிய குரலில். "பெரிய ஆளுதான்."

"சார், என்ன சார் தேடுறீங்க? கட்டி கிட்டி எதுனா வந்துருக்குதா?" கன்னியம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது.

"இந்தம்மாவும் சளைச்சவங்க இல்ல" என்றார் சக்திவேல்.

ஒன்பதாம் படியில் சினேகா விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, மலேரியா பரிசோதனை அட்டையில் விட்டு, உள்ளே எடுத்துப் போனாள். நிலையத்தில் அன்றைக்கு இருந்தது ஒரே ஓர் அட்டை. கால் மணி நேரத்தில் அவள் ஓடி வந்தாள்.

"சார், ரெண்டு கோடு வந்துருக்குது! பாசிட்டிவ்! நிஜமாவே இருக்குது சார்!"

"இருக்கும்மா, இருக்கும். மேலிடம்னா சும்மாவா? ஆளை மட்டுமா அனுப்புவாங்க? அதுக்குத் தோதா ரத்தத்தையும் ஏத்தித்தான் அனுப்புவாங்க."

"ரத்தத்தை எப்படி சார்…"

"உனக்கு என்ன சர்வீஸ்?"

சினேகாவுக்கு நான்கு மாத சர்வீஸ். அதுவும் ஒப்பந்தம். அவள் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள். ஆனால் போனவள் மிச்ச ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி, நுண்நோக்கியில் வைத்தாள்.

மருந்தறையில் நடந்ததைக் கன்னியம்மாள் பிற்பாடுதான் தெரிந்துகொண்டாள். பெரிய ஆள் ஒருவருக்கு வேண்டிய மூன்று நாள் மலேரியா மருந்து அங்கே இருந்தது. ஒரே ஒரு பெட்டி. மருந்தாளுநர் அதை எடுத்தபோது சக்திவேல் அவர் கையைப் பிடித்தார். பதினான்காம் படி என்ன சொல்கிறது? நோய் இல்லாதவருக்கு மலேரியா மருந்து கொடுக்கலாகாது. வந்திருப்பவரோ நோய் இல்லாதவர். அவருக்கு நிஜ மருந்தைக் கொடுத்தால் நெறிமுறை மீறல். கொடுக்காவிட்டால் பதினைந்தாம் படி போய்விடும். இரண்டையும் காப்பாற்ற, மருந்து உறையில் வேறு வெள்ளை மாத்திரைகளைப் போட்டு எடுத்து வந்தார்கள்.

பதினைந்தாம் படி, முதல் வேளை மருந்தைப் பணியாளர் கண்ணெதிரில் விழுங்கச் செய்தல். சகாதேவன் விழுங்கினான். போட்டோ எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். பதினெட்டாம் படியாக வணக்கம் சொல்லி, வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்கள். சகாதேவன் படியிறங்கும்போது கால் மடங்கி விழப் போனான். எல்லோரும் தங்களை மறந்து கை தட்டிவிட்டார்கள்.

கன்னியம்மாள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். சாகப் போகிறவனுக்கு யாராவது கை தட்டுவார்களா?

வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரத்தில் குளிர் முன்பைவிட ஜாஸ்தியாகிவிட்டது. அடுத்த வேளை மாத்திரையை இப்போதே கொடுத்துவிடலாமா என்று உறையைப் பிரித்தாள். உள்ளங்கையில் கொட்டினாள். பெரிய, நீட்டமான, சுண்ணாம்பு வாசம் அடிக்கிற வெள்ளை மாத்திரை. மகள் கவியா வயிற்றில் இருந்தபோது நான்கு மாதம் தினமும் விழுங்கிய மாத்திரை. எலும்புக்கு நல்லது என்று நர்ஸம்மா கொடுத்தது. அவள் முகர்ந்து பார்த்தாள், நாக்கில் வைத்தும் பார்த்தாள். அதேதான்.

"ஐயோ, ஏமாத்திட்டாங்க" என்று கத்தினாள். எதற்கு ஏமாற்ற வேண்டும் என்பது அவளுக்குப் புரியவில்லை. இவன் பிழைக்கமாட்டான், நல்ல மருந்தை வீணாக்க வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்களோ?

கவியாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுச் சகாதேவனை அணைத்தபடி வெளியே வந்தாள். கிரிவலப் பாதையில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். மதியம் இரண்டு மணிக்கே ஜனம் அலை அலையாக வந்துகொண்டிருந்தது. அத்தனை பேரும் ஒரு திசையில் போக, இவர்கள் இருவர் மட்டும் எதிர்த் திசையில் தள்ளாடி நடந்தார்கள். கண் சொருகி, தலை ஆடி, உடம்பெல்லாம் உதற வருகிற ஒருவனைப் பார்த்ததும் கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. ஒரு அம்மாள் சட்டென்று அவன் காலில் விழுந்தாள்.

"சாமி, எம்பொண்ணுக்கு எப்ப சாமி கல்யாணம்?"

"தண்ணி… தண்ணி…" என்றான் சகாதேவன்.

"கப்பல்ல வேலை செய்ற மாப்பிள்ளைங்குறாரு!" என்று அந்த அம்மாள் தன் கூட வந்தவர்களிடம் சொன்னாள்.

"சாமி இல்லம்மா, காய்ச்சல்மா, வழிய விடுங்கம்மா!" என்று கன்னியம்மாள் கெஞ்சினாள். அதற்குள் நாலைந்து பேர் வரிசையில் நின்றுவிட்டார்கள். யாரோ அவன் நெற்றி நிறைய விபூதி பூசினார்கள். அவன் நெற்றி சுட்டதும் அந்த ஆள் கையை உதறிக்கொண்டு, "சக்தியுள்ள சாமி" என்றார். மலையைப் பார்த்துக் கும்பிடக்கூடக் கன்னியம்மாளுக்குத் தோன்றவில்லை. பாதையைத் தாண்டியதும் காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பும் டெம்போ ஒன்று ஏற்றிக்கொண்டது.

சுகாதார நிலையத்து வாசல் புங்க மரத்தடியில் ஒல்லியாக, உயரமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயர் ஆதிமூலம். கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஆள். தெருக்கூத்தில் ஜனங்களைச் சிரிக்க வைக்கிற கட்டியங்காரன் வேஷம் கட்டுகிறவர். சகாதேவனை இறக்கிப் படுக்க வைக்க ஒரு கை கொடுத்தவர், அவன் நடுங்குவதை உற்றுப் பார்த்தார்.

"இது நிஜக் காய்ச்சல்" என்றார்.

அன்று முழுக்க அதைச் சொன்ன முதல் ஆள் அவர்தான். கன்னியம்மாளுக்கு அடக்கிவைத்திருந்த அழுகை பீறிக்கொண்டு வந்தது. அழுதபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சிரித்தது, அக்குளை முகர்ந்தது, கை தட்டியது, சுண்ணாம்பு மாத்திரை. கேட்கக் கேட்க ஆதிமூலத்தின் முகம் மாறியது.

"நீ அவங்ககிட்ட என்னா சொன்ன? காய்ச்சல் மாதிரின்னா?"

"ஆமாண்ணா."

ஆதிமூலம் தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்த மாதிரி நான்தாம்மா. மேலிடத்துல என்னைத்தான் அனுப்புனாங்க. பன்னண்டு மணிக்கு வந்து, நாலு நாளா விட்டு விட்டுக் குளிருதுன்னு ஒரு நடுக்கம் நடுங்கினேன் பாரு, ராத்திரி கூத்துல நடுங்குனா ஊரே எழுந்து நிக்கும். இங்க ஒருத்தரும் நிமிந்து பாக்கல. ரத்தமும் எடுக்கல. அட்டை தீந்துபோச்சாம். இடுப்புல ஒரு ஊசியைப் போட்டு, ரெண்டு காய்ச்சல் மாத்திரையக் குடுத்துப் போன்னுட்டாங்க. அந்த வருத்தத்துலதான் இங்க உக்காந்துட்டேன்."

அவர் எழுந்து, கன்னியம்மாளையும் கூட்டிக்கொண்டு உள்ளே போய், சட்டைப் பையில் இருந்த முத்திரை போட்ட கடிதத்தை மேஜைமேல் வைத்தார். சக்திவேல் அதைப் படித்தார். இருபத்தாறு வருஷ சர்வீஸில் முதல் தடவையாக அவருக்கு நடுக்கம் வந்தது. யாரும் அதற்குக் கை தட்டவில்லை.

சினேகா உள்ளேயிருந்து கண்ணாடிச் சில்லுடன் வந்தாள். "நான் அப்பவே பாத்துட்டேன் மேடம். ரத்தத்துல கிருமி நிறைய இருக்குது. மூளைக்குப் போற வகை. இன்னிக்கே மருந்து குடுக்கணும்."

"எனக்கும் தெரிஞ்சுது" என்றார் டாக்டர் மெல்லிய குரலில். "கண்ணு வெளுத்திருந்துச்சு. ஆனா கண்ணைப் பாக்குறது பதினெட்டுப் படியில இல்லையே."

"குடுங்க மேடம்! உங்க கால்ல விழுறேன்!" கன்னியம்மாள் விழுந்தே விட்டாள்.

டாக்டர் மருந்தறைப் பக்கம் திரும்பினார். சக்திவேல் குறுக்கே வந்து நின்றார். நடுக்கம் போய் அவருக்கு வேலை ஞாபகம் வந்துவிட்டது.

"எந்தக் கணக்குல மேடம் குடுப்பீங்க? பன்னண்டு மணிக்கே கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு. சகாதேவன், மாதிரி நோயாளி, நோய் இல்லை, நெறிமுறை நூத்துக்கு நூறு. இனிமே அதைத் திறக்க முடியாது. நோய் இல்லாத ஆளுக்கு மருந்து குடுத்தா அது மீறல். பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புனாலும் மீறல். பௌர்ணமிக் கூட்டத்துல ஆம்புலன்ஸ் போய்ச் சேரவும் சேராது."

"அப்ப என் வீட்டுக்காரரு?"

சக்திவேல் யோசித்தார். சுவரில் இருந்த பதினெட்டுப் படியைப் பார்த்தார். ஆதிமூலத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இவரு பேரு வெளிநோயாளியா பதிவாகியிருக்குது. காய்ச்சல்னு. இவருதான் நோயாளி. மருந்தை இவரு பேர்ல எடுக்கலாம். ரத்தப் பரிசோதனை? தோ, சினேகா கையில இருக்குது. இவரு ரத்தம். அவ்வளவுதான்! ஒரு படி கூட விட்டுப்போகல."

ஆதிமூலம் முப்பது வருஷமாகக் கூத்தாடுகிற மனுஷன், இப்படி ஓர் ஆட்டத்தைப் பார்த்ததில்லை.

"நான் நோயாளியா ஆயிடுறேன். மருந்தை அந்தப் புள்ளைக்குக் குடுங்க."

"குடுத்துடலாம். ஆனா பதினஞ்சாம் படி? பேர் இருக்கிற நோயாளி நம்ம கண்ணெதிர்ல விழுங்கணும். போட்டோ ஏத்துனாத்தான் பெட்டியே கணக்குல கழியும்."

மூன்று நாள் மருந்து. ஒரே பெட்டி. முதல் வேளையை இவர் விழுங்கிவிட்டால் அதற்கு மாற்று மாவட்டத்திலிருந்து வர ஒரு வாரம் ஆகும். அதைச் சக்திவேலே சொன்னார், வருத்தத்தோடுதான் சொன்னார். மருந்தாளுநர் பெட்டியைப் பிரித்து மாத்திரைகளை ஆதிமூலத்தின் கையில் வைத்தார்.

"அண்ணா, வேணாண்ணா! அவரு செத்துடுவாருண்ணா!"

ஆதிமூலம் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. கேமராவைப் பார்த்து வாயை ஆவென்று திறந்தார். உள்ளங்கையை வாயில் கவிழ்த்தார். டம்ளரைத் தூக்கித் தண்ணீர் குடித்தார். தொண்டை எலும்பு மேலே ஏறிக் கீழே இறங்குவதை எல்லோரும் பார்த்தார்கள். கசப்பில் முகத்தைச் சுளித்து நாக்கை நீட்டிக் காட்டினார். சக்திவேல் போட்டோ எடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, அது பச்சையாக மாறும்வரை காத்திருந்து, டிக் போட்டார்.

கன்னியம்மாள் தரையில் சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஆதிமூலம் அவள் பக்கத்தில் குனிந்து கையை விரித்தார். மாத்திரைகள் விரலிடுக்கில் அப்படியே இருந்தன. ஈரம்கூடப் படவில்லை.

"எழுந்திரும்மா. வாயைத் திறக்கச் சொல்லு அவரை."

புங்க மரத்தடியில் வைத்து அவரே ஊட்டினார். மிச்ச மாத்திரை இருந்த பெட்டியைக் கன்னியம்மாளிடம் கொடுத்தார். டாக்டர் ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்து நாடி பார்த்தார். வாந்தி எடுக்கிறானா என்று அரை மணி நேரம் பார்க்க வேண்டும் என்று சொன்னார். அதுவும் நெறிமுறையில் இருக்கிறதுதான். அந்த அரை மணி நேரமும் கன்னியம்மாள் புருஷன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஒரு தடவை விக்கியபோது இவள் கையை நீட்டி அவன் வாயைப் பொத்தினாள். வாந்தி வரவில்லை. ஆறாவது நாள் விடிந்தது, சகாதேவன் இருந்தான். ஏழாவது நாள் குளிர் விட்டது. எட்டாவது நாள் கஞ்சி கேட்டான்.

அதன்பிறகு பூவரசந்தாங்கல் நிலையம் நெறிமுறையை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியது. மலேரியா வந்தவர் வீட்டில் கொசு மருந்து அடிக்க வேண்டும். ஆதிமூலத்தின் வீட்டில் அடித்தார்கள். அவர் தெரு முழுக்க அடித்தார்கள். அவர் வீட்டில் எருமையைத் தவிர எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஏழாம் நாள், பதினான்காம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று போய் அவர் குணமாகிவருவதைப் பதிவு செய்தார்கள். இந்தப் பின்பற்றலுக்காகச் சக்திவேலுக்குக் கேடயம் கிடைத்தது. ஏற்புரையில், மாதிரி நோயாளிக்கும் நிஜ நோயாளிக்கும் தங்கள் நிலையத்தில் எந்த வேற்றுமையும் பார்ப்பதில்லை என்றார்.

இடையில் ஒரு நாள் கன்னியம்மாள் அவரைப் போய்ப் பார்த்தாள்.

"சார், எங்க வீட்டுலயும் கொசு மருந்து அடிச்சு உட்டீங்கன்னா நல்லா இருக்கும். குழந்தை இருக்குது. சாயந்திரமானா கொசு ஜாஸ்தி சார்."

"உங்க வீட்டுல யாருக்கும்மா மலேரியா?"

"சார், எங்க வீட்டுக்காரருக்கு…"

"உங்க வீட்டுக்காரரு நடிகரு. ரெக்கார்டு அப்படித்தான் சொல்லுது" என்றார் சக்திவேல். அன்பாகத்தான் சொன்னார். புன்னகையும் செய்தார்.

அடுத்த பௌர்ணமி வந்தது. காலை பத்து மணிக்கு வாசலில் அடுப்பு மூட்டி, அண்டாவில் மல்லாட்டையைக் கொட்டி, உப்புப் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தாள் கன்னியம்மாள். நெருப்புக்கு முன்னால் நின்றும் அவளுக்கு முதுகில் ஜில்லென்றது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கரண்டி அண்டா விளிம்பில் கடகடவென்று அடித்தது. யார் அடிக்கிறார்கள் என்று பார்த்தாள். அவள் கைதான்.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. உள்ளே கவியா பாடப் புத்தகத்தைச் சத்தம் போட்டு வாசித்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் முழங்கையில் கொசு கடித்த தடிப்பை நேற்றுத்தான் பார்த்திருந்தாள்.

சகாதேவன் ஆட்டோ கூப்பிட ஓடினான். "பூவரசந்தாங்கலுக்கா?" என்று ஓடிக்கொண்டே கேட்டான். அவள் தலையாட்டினாள். ஆனால் அவள் நடிகர் வீட்டு ஆள் என்றுதானே ரெக்கார்டு சொல்லும்? அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. நடுங்குகிற விரலால் போனில் எண்ணைத் தேடி அழுத்தினாள்.

"ஆதிமூலம் அண்ணா… நான் கன்னியம்மா. எனக்குக் குளிருதுண்ணா."

அந்தப் பக்கம் ஆதிமூலம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பயப்படாதம்மா, கிளம்பிட்டேன். நான் எத்தினி மணிக்கு வந்து நடுங்கணும்?"